மாட்டு மினரல் தூளைச் செம்மறிக்குக் கொடுக்கலாமா? புழுக்கையில் வைக்கோல் அப்படியே வருகிறது

வத்தளைப் பட்டி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வத்தளையில் ஹெமில்டன் கால்வாய்ப் பக்கம் எங்கள் வீடு. ஒன்பது செம்மறி இருக்கின்றன: ஆறு பெட்டை, ஒரு கடா, இரண்டு குட்டி. எல்லாம் மாமா கிளிநொச்சியில் இருந்து கொண்டுவந்த யாழ்ப்பாணத்து நாட்டு இனம். ஆளுக்கு இருபத்தைந்து கிலோ கூட வராது.

மாமாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்ததில் இருந்து ஆடுகள் என் கையில். காலையில் அவரைப் பின்வாசல் கதிரையில் இருத்திவிட்டால் மத்தியானம் வரை பட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு இன்னும் சரியாகத் திரும்பவில்லை. ஆடுகளைக் காட்டி இடது கையால் "மெலிஞ்சு போச்சு" என்று சைகை செய்கிறார். அதைப் பார்க்கும்போது மனம் தாங்குவதில்லை.

தீனி இதுதான். காலையில் வேலைக்குப் போகும் முன் கால்வாய்க் கரையில் கினிப் புல் வெட்டிப் போடுவேன். ஆள் உயரத்துக்கு நிற்கிறது, குறை இல்லை. பின்னேரம் கணவரின் கூட்டாளி பேலியகொடை மார்க்கெட்டில் இருந்து கோவா இலை ஒரு சாக்கு கொண்டுவந்து தருவார். மழை நாளில் வைக்கோல். இரவில் அரிசித் தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் கலந்து பெரிய பேசினில் ஒரே தடவையாக வைப்பேன்.

வயிறு பானை மாதிரி இருக்கிறது, முதுகெலும்பு மட்டும் கைக்குத் தட்டுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பிடி புழுக்கையை எடுத்து, பழைய தேத்தண்ணி வடியில் போட்டு, பைப்புக்குக் கீழே பிடித்துக் கழுவினேன். பச்சைத் தண்ணி போய்த் தெளிந்த பிறகு வடியில் மிஞ்சியது அத்தனையும் தும்பு. நெல்மணி நீளத்துக்கு, சிலது அதைவிட நீளம். வைக்கோல் துண்டு என்று கண்ணாலேயே தெரிகிறது. தின்றது வயிற்றில் செமிக்காமலே வருகிறது என்றுதானே அர்த்தம்?

சுவரில் சுண்ணாம்பையும் நக்குகின்றன. ஒன்று பொலித்தீன் பையைச் சப்பிக்கொண்டு நின்றது. தீனிக் கடையில் கேட்டதற்கு, "கனியுப்புக் குறைவு, இந்தத் தூளைப் போடுங்க, புல்லெல்லாம் தன்பாட்டில் செமிக்கும்" என்று மாட்டுக்குக் கொடுக்கும் மினரல் தூள் ஒரு பக்கெட் தந்தார்கள். ஐந்து கிழமையாக ஆட்டுக்கு ஒரு மேசைக்கரண்டி போடுகிறேன். ஒரு மாற்றமும் இல்லை. இரண்டு கரண்டியாகக் கூட்டலாமா, இன்னும் கொஞ்ச நாள் பொறுக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சாவகச்சேரிக் குழை எழுதியது:

தங்கச்சி, தூளைக் கூட்டுறதுக்கு முதல் கீழ்க் கண்ணிமையைப் பிரிச்சுப் பாருங்கோ. நல்ல சிவப்பா இருக்கோணும். வெளிறி இருந்தா வயித்தில புழு. உங்கட பக்கம் ஈரம் கூட, கால்வாய்க் கரைப் புல்லில புழுக் குஞ்சு ஏறி நிக்கும். தாடைக்குக் கீழ பை மாதிரி வீங்கியிருக்கோ எண்டும் பாருங்கோ. புழு இரத்தத்தைக் குடிச்சுக்கொண்டிருக்க நீங்க என்ன தூள் போட்டாலும் உடம்பில ஒட்டாது.

ஆள் உயரப் புல்லு எண்டு சந்தோசமா எழுதியிருக்கிறியள். அது புல்லு இல்லை, தடி. கினிப் புல்லை நாலு அஞ்சு கிழமைக்குள்ள வெட்டோணும், இடுப்புக்கு மேல விடக்கூடாது. பூ வந்திட்டா அதில சத்து இல்லை. கிழட்டு ஆடு எண்டா கடைவாய்ப் பல்லையும் ஒருக்காத் தடவிப் பாருங்கோ, தேஞ்சிருந்தா அரைக்கேலாது.

---

பழைய ஆய்வுகூடம் எழுதியது:

மகள், மற்றதை எல்லாம் பிறகு பார்ப்போம். அந்தத் தூளை இன்றைக்கு இரவே நிறுத்துங்கள். கூட்டவே கூடாது. பக்கெட்டின் பின்பக்கம் "செப்பு" என்று போட்டிருக்கும் கணக்கை இங்கே எழுதுங்கள். ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். உங்கள் மேசைக்கரண்டியில் எத்தனை கிராம் கொள்கிறது என்று சமையல் தராசில் நிறுத்தும் சொல்லுங்கள்.

---

வத்தளைப் பட்டி எழுதியது:

ஐயா, பயமாக இருக்கிறது. நேற்று இரவே நிறுத்திவிட்டேன். பக்கெட்டில் செப்பு 1200 மில்லிகிராம் / கிலோ என்று இருக்கிறது. மேசைக்கரண்டி 20 கிராம் காட்டியது. அக்கா சொன்னபடி கண்ணிமையும் பார்த்தேன். இரண்டு பெட்டைக்கு வெளிறி இருக்கிறது, மற்றவை சிவப்பு. வீக்கம் இல்லை. பற்கள் சரி.

---

பழைய ஆய்வுகூடம் எழுதியது:

நன்றி மகள். நிறுத்திப் பார்த்துச் சொன்னதில் பாதி வேலை முடிந்தது.

20 கிராமில் 24 மில்லிகிராம் செப்பு. இருபத்தைந்து கிலோ ஆடு ஒன்று, ஈரத்தைக் கழித்துப் பார்த்தால், நாளைக்கு 800 கிராம் அளவு தீனிதான் தின்னும். அப்போது ஒரு கிலோ தீனிக்கு 30 மில்லிகிராம் தூளில் இருந்து மட்டும் போகிறது. புல்லிலும் தவிட்டிலும் இயல்பாக உள்ளது வேறு. செம்மறிக்கு வேண்டியது கிலோவுக்கு ஏழில் இருந்து பதினொன்று வரை. பதினைந்தைத் தாண்டினாலே கவனம் வேண்டும். மாடு தாங்கும், பன்றி தாங்கும், வெள்ளாடுகூட ஓரளவு தாங்கும். செம்மறியின் ஈரல் செப்பைப் பிடித்து வைத்துக்கொண்டே போகும், வெளியே விடத் தெரியாது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வெளியில் ஒன்றும் தெரியாமல் சேரும். ஒரு நாள் லொறியில் ஏற்றினாலோ, நாய் துரத்தினாலோ, இரவு முழுக்க மழையில் நனைந்தாலோ ஈரல் அதை ஒரேயடியாக இரத்தத்தில் கொட்டிவிடும்.

அது எப்படி இருக்கும் என்பதை நான் என் அக்கா வீட்டில் பார்த்தேன். நல்ல எண்ணத்தில்தான் மாட்டுத் தூள் கொடுத்துவந்தார்கள். ஒரு விடுமுறைக்கு ஆடுகளை வேறு காணிக்கு மாற்றினார்கள். மூன்றாம் நாள் காலை நான் போனபோது ஒரு பெட்டை சுவரோடு தலையை வைத்துக்கொண்டு நின்றது. கண் வெள்ளை மஞ்சள் அரைத்துப் பூசிய மாதிரி. அது சிறுநீர் கழித்தது, சீமெந்துத் தரையில் பால் விடாத பிளேன்டி ஊற்றிய நிறம். மத்தியானம் விழுந்துவிட்டது. அந்தக் கிழமைக்குள் நான்கு போயின. மிருக வைத்தியர் அறுத்துக் காட்டினார், சிறுநீரகம் கறுத்து, துப்பாக்கி இரும்பு நிறத்தில் இருந்தது. நான் கால்நடைத் தீனி ஆய்வுகூடத்தில் வேலை செய்தவன். அக்கா ஒரு தடவை என்னிடம் கேட்டிருக்கலாம், நானும் ஒரு தடவை விசாரித்திருக்கலாம். அதனால்தான் யார் இதைக் கேட்டாலும் நான் உடனே பதில் எழுதுவது.

உங்களுக்கு ஐந்து கிழமைதான் ஆகியிருக்கிறது. எல்லாம் நின்று தின்கின்றன என்றால் அவசரப்பட்டுக் கலங்க வேண்டாம். ஆனால் இன்னும் இரண்டு மாதத்துக்கு ஆடுகளை இடம் மாற்றாதீர்கள், ஓட விடாதீர்கள், நனைய விடாதீர்கள். பிரதேச மிருக வைத்திய அலுவலகத்துக்குப் பக்கெட்டையே தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள். இரத்தத்தில் செப்பைப் பார்த்தால் கடைசி நேரம் வரை சாதாரணமாகத்தான் காட்டும், ஈரல் பழுதானால் இரத்தத்தில் கூடும் ஈரல் நொதியத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மொலிப்டினமும் கந்தகமும் செப்பைக் கட்டி வெளியேற்றும், அதற்கு மருந்து உண்டு. அளவு டொக்டர்தான் சொல்ல வேண்டும். வெளிறிய இரண்டுக்கும் புழு மருந்தும் அவரிடமே கேளுங்கள்.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கனியுப்புப் போட்டால் புல் செமிக்குமா?

புல்லைச் செமிக்கச் செய்வது ஆடு இல்லை, மகள். ஆட்டின் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். வைக்கோலில் உள்ள நாரை உடைக்கும் நொதியம் ஆட்டின் உடம்பில் கிடையாது. ஆடு அரைத்து, எச்சில் ஊற்றி, சூடாக வைத்திருக்கும், அவ்வளவுதான். ஆகவே நீங்கள் பேசினில் வைப்பது முதலில் அந்த நுண்ணுயிர்களுக்கான சாப்பாடு. அவற்றுக்கு முதல் தேவை நைதரசன், தீனியில் அது புரதமாக இருக்கிறது. தீனியில் புரதம் 7 வீதத்துக்குக் கீழே போனால் அவை பெருகாது, நார் உடையாது, வயிறு காலியாகாது, ஆடு மேற்கொண்டு தின்னவும் மாட்டாது. வைக்கோலில் புரதம் 4 வீதம் அளவுதான். ஆள் உயரக் கினிப் புல்லும் கிட்டத்தட்ட அந்த நிலைதான். பானை வயிறும் தட்டுகிற முதுகெலும்பும் அங்கேயிருந்து வருகிறது. நைதரசன் இல்லாத இடத்தில் கனியுப்பைக் கொட்டுவது, அரிசி இல்லாத பானையில் உப்பை மட்டும் போட்டுக் கொதிக்க வைப்பது மாதிரி.

நைதரசன் இருக்கும்போது கனியுப்புக்கு உண்மையிலேயே வேலை உண்டு. அதில் கந்தகத்தை யாரும் நினைப்பதில்லை. புரதம் கட்ட நுண்ணுயிருக்குக் கந்தகம் வேண்டும். செம்மறிக்குப் பத்துப் பங்கு நைதரசனுக்கு ஒரு பங்கு கந்தகம் என்பது கணக்கு. ஆஸ்திரேலியாவில் கந்தக உரம் போட்ட புல்லையும் போடாத புல்லையும் செம்மறிக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், 1983இல் அது வெளிவந்தது. கந்தகம் உள்ள புல்லைத் தின்ற ஆட்டின் இரைப்பையில் நாரைத் துளைக்கும் பூஞ்சணம் செழித்து வளர்ந்தது, ஆடும் கூடத் தின்றது. உங்கள் கோவா இலையில் கந்தகம் தாராளம், ஆகவே உங்கள் பட்டியில் அந்தக் குறை இராது. கோவா அயடீனைத் தடுக்கும் குணம் உள்ளது, அதை நீங்கள் சமைக்கிற அயடீன் உப்பாலேயே சரிக்கட்டலாம்.

கோபால்ட்டும் அப்படித்தான். நுண்ணுயிர் அதை வைத்துத்தான் பி12 என்ற விற்றமினைச் செய்கிறது. ஆடு தன் சத்தை எடுப்பதற்கு அந்த பி12 வேண்டும். ஆஸ்திரேலியாவின் தெற்குக் கரையில் பச்சைப் புல்லுக்கு நடுவிலேயே செம்மறிகள் மெலிந்து மெலிந்து செத்தன. இரும்புக் குறைவு என்று நினைத்து இரும்பு கொடுத்தார்கள். சில இரும்பு மண் குணமாக்கியது, சிலது ஆக்கவில்லை. கடைசியில் 1935இல்தான், குணமாக்கியது இரும்பே இல்லை, அதற்குள் துளியாகக் கலந்திருந்த கோபால்ட்டு என்று கண்டார்கள். தீனி ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் போதும். பல வகை இலை தழை தின்கிற ஆட்டுக்குப் பெரும்பாலும் அது தானாகவே கிடைத்துவிடும்.

நான் வேலை செய்த காலத்தில் செரிமானம் அளப்பதென்றால் கடாவின் பின்பக்கம் ஒரு கன்வஸ் பை கட்டுவோம். இரண்டு கிழமை தீனி பழக்கி, பிறகு ஏழு நாள் போட்டதையும் மிஞ்சியதையும் பையில் விழுந்ததையும் கிராம் கணக்கில் உலர்த்தி நிறுப்போம். 100 கிராம் உள்ளே போய் 45 வெளியே வந்தால் 55 வீதம் செமித்திருக்கிறது. உங்கள் தேத்தண்ணி வடிச் சோதனை அதே கேள்வியைத்தான் கேட்கிறது. நன்றாக அரைபட்ட நார் ஒரு மில்லிமீற்றர் அளவுக்குத் தூளான பிறகுதான் இரைப்பையை விட்டு இறங்கும். நெல் நீளத்தில் இவ்வளவு வந்தால் அசை போட நேரம் போதவில்லை, நுண்ணுயிரும் இளக்கவில்லை. அதைக் கிழமைக்கு ஒரு தடவை செய்து எழுதி வையுங்கள்.

தவிட்டை ஒரே பேசினில் கொட்டாதீர்கள். ஒரேயடியாகத் தின்றால் இரைப்பை புளிக்கும், நார் உடைக்கும் நுண்ணுயிர் புளிப்பில் வேலை செய்யாது. காலையும் மாலையுமாகப் பிரித்து, புல் தின்ற பிறகு வையுங்கள்.

---

மாளிகாவத்தை நானா எழுதியது:

தங்கச்சி, ஐயா எல்லாம் விளக்கமா சொல்லிட்டார். ஒண்டு மட்டும் சேர்க்கிறேன், உங்களுக்கிட்ட ஒரு கடா இருக்கிறதாலே.

நாங்க ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அறுக்கிற உழ்ஹிய்யா கடாக்களை நாலு மாசம் முன்னாடியே வாங்கி வளர்க்கிறது. ஒரு வருஷம் தவிடைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்தோம், நல்லா கொழுத்திச்சு. பெருநாளுக்கு ஒன்பது நாள் இருக்கைக்கே ஒரு கடா பின்னங்காலை அகட்டி நிண்டு முக்குது, வாலை அடிக்குது, ஒரு சொட்டுத்தான் விழுது. நாங்க மலச்சிக்கல் எண்டு நினைச்சு எண்ணெய் பருக்கினோம். அது மலம் இல்லை, சிறுநீர்க் குழாயில கல்லு. டொக்டர் வரைக்கே மூத்திரப்பை வெடிச்சுப் போச்சு. வாப்பா அண்டைக்குச் சாப்பிடவே இல்லை.

தவிட்டில கல்சியத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல பொசுபரசு. டொக்டர் சொன்னது, கல்சியம் ரெண்டு பங்கு, பொசுபரசு ஒரு பங்கு இருக்கணும் எண்டு. அண்டையிலிருந்து தவிடு குறைவு, கொடுத்தாலும் சுண்ணாம்புக்கல் தூள் கலந்துதான். உப்பும் எப்பவும் பக்கத்தில, உப்பு நக்கினாத்தான் தண்ணி குடிக்கும், தண்ணி குடிச்சாத்தான் குழாய் கழுவுப்படும். தண்ணி வாளியை ஒவ்வொரு நாளும் கழுவி வைங்க, அழுக்குத் தண்ணியைச் செம்மறி தொடாது.

---

சாவகச்சேரிக் குழை எழுதியது:

ஐயா சொன்ன நைதரசனுக்கு வழி நான் சொல்லுறன். வேலியில கிளிரிசிடியா இல்லையோ? சீமைக்கிளுவை எண்டும் சொல்லுவினம். அதில புரதம் 20 வீதத்துக்கு மேல. கொழும்பிலயும் வேலிக் கதியாலா நிக்குது, யாரும் கேக்கிறேல்லை. முதல் நாள் மணத்துக்கு ஆடு மூஞ்சியைத் திருப்பும். இரவு வெட்டி நிலத்தில பரப்பி வாட விடுங்கோ, காலமை உப்புத் தண்ணி தெளிச்சுப் புல்லோட கலந்து ஒரு கைப்பிடியில தொடங்குங்கோ. பத்து நாளில தேடித் தின்னும். தீனியில மூண்டில ஒரு பங்குக்கு மேல போக வேண்டாம்.

நைதரசனுக்கு யூரியாவும் இருக்கு, ஆனா 2021இல அரசாங்கம் இரசாயன உரத்தை நிப்பாட்டினாப் பிறகு அது கிடைக்கேல்லை. அதுக்கு முதல் நான் வைக்கோலுக்கு யூரியாத் தண்ணி தெளிச்சு மூடி வைச்சுத்தான் குடுத்தனான், நூறு கிலோவுக்கு நாலு கிலோ. குழைக்கு மாறினாப் பிறகு திரும்ப யூரியாவுக்குப் போகேல்லை. பிள்ளையள் ஓடித் திரியிற வீட்டில யூரியா வாளி வைக்கவும் பயம், ஆடு தண்ணி எண்டு குடிச்சா அந்த இடத்திலயே விழும்.

---

பழைய ஆய்வுகூடம் எழுதியது:

தங்கை சொன்னதையே நானும் சொல்கிறேன். ஒன்பது ஆட்டுக்கு யூரியா வேண்டாம், குழை போதும். நானா சொன்ன சுண்ணாம்புக்கல் தூளுக்கும் இன்னொரு காரணம் சேர்த்துக்கொள்ளுங்கள்: கினிப் புல்லில் உள்ள ஒட்சலேற்று என்ற பொருள் கல்சியத்தைப் பிடித்துவைத்துவிடும். சுவர் நக்குவதும் அதனாலோ உப்புக் குறைவாலோ இருக்கலாம். ஆட்டுக்கு நாளைக்கு ஐந்து கிராம் உப்பு, தவிட்டில் ஒரு சிட்டிகை சுண்ணாம்புக்கல் தூள். உங்கள் பட்டிக்கு இப்போதைக்கு இதுவே கனியுப்பு. பிறகு வாங்குவதானால் செம்மறிக்கென்றே செய்த, செப்புச் சேர்க்காத கட்டியைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

---

வத்தளைப் பட்டி எழுதியது:

ஏழு கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். முன்னமே எழுதியிருக்க வேண்டும், மன்னிக்கவும்.

டொக்டர் வீட்டுக்கே வந்தார். பக்கெட்டைப் பார்த்ததும் ஐயா கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். இரத்தம் எடுத்ததில் மூன்று ஆட்டுக்கு ஈரல் நொதியம் கூட இருந்தது. அவர் எழுதித் தந்த மருந்தை ஆறு கிழமை தீனியில் கலந்து கொடுத்தோம். அந்த ஆறு கிழமையும் விடிய எழும்பி ரோர்ச் அடித்து ஒவ்வொன்றும் சிறுநீர் கழிக்கும் வரை நின்று நிறம் பார்த்தேன். ஒன்றும் கறுக்கவில்லை. ஒன்பதும் இருக்கின்றன. வெளிறிய இரண்டுக்கும் புழு மருந்து கொடுத்த பிறகு இமை சிவந்துவிட்டது.

கால்வாய்க் கரையில் கினிப் புல்லை அடியோடு வெட்டி, நான்கு பாத்தியாகப் பிரித்து, கிழமைக்கு ஒரு பாத்தி என்று எடுக்கிறோம். கிளிரிசிடியா எங்கள் பின்வேலியிலேயே நின்றது, அக்கா. ஆறு வருடமாகத் துணி காயப்போட்ட மரம். முதல் நாலு நாள் கடா மட்டும் தின்றது, பிறகு மற்றவையும் பழகின. தவிட்டைப் பாதியாகக் குறைத்து இரு வேளையாக்கினேன், சுண்ணாம்புக்கல் தூள் கலக்கிறேன். சுவர் நக்குவது நின்றுவிட்டது. கடா நன்றாகச் சிறுநீர் கழிக்கிறது, நானா.

வடிச் சோதனையை ஒவ்வொரு ஞாயிறும் செய்து கலண்டரில் குறித்து வருகிறேன். நேற்றுக் கழுவியபோது வடியில் மிஞ்சியது ஒரு தேக்கரண்டி, விரலால் நசித்தால் மாவாகிறது. நீளத் தும்பு மூன்றுதான் எண்ணினேன். வடியை மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இடது கை விரலால் அதைத் தொட்டு உருட்டிப் பார்த்தார். பிறகு பட்டியைக் காட்டி "மறி" என்றார். எந்த மறி என்று புரியாமல் போய்ப் பார்த்தேன். மூலையில் நிற்கும் கறுப்புத் தலைப் பெட்டைக்கு மடி இறங்கியிருக்கிறது. எனக்கு முன்னமே அவர் கண்டிருக்கிறார்.

ஐயா, குட்டி போடப் போகிற ஆட்டுக்கு இந்த நேரத்தில் குழையைக் கூட்டலாமா, அப்படியே விடவா?